மூலைக் காற்றைப் பற்றிக் கேட்ட மாணவி



இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கறுப்பு அட்டை, அதில் தங்க எழுத்து, உள்ளே நாலு பக்கத்துக்கு நன்றியுரை, வைவா முடிந்த மறுநாளே பரண். நம் குடியிருப்பிலும் பொறியியலோ கட்டடக்கலையோ படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் இந்தக் காட்சி வருடா வருடம் நடக்கும். இந்தக் காலாண்டின் வரலாற்றுப் பக்கத்தில் அப்படிப் பரணேறி மறந்துபோயிருக்க வேண்டிய ஒரு புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். அடுக்குமாடியில் குடியிருக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது என்பது என் எண்ணம். அமெரிக்கக் கதை என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

1978-ஆம் ஆண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டயான் ஹார்ட்லி என்ற பொறியியல் மாணவி இறுதியாண்டில் இருந்தார். அங்கே பட்டம் வாங்க ஆய்வேடு எழுதியாக வேண்டும். அவருக்கு வழிகாட்டி டேவிட் பில்லிங்டன். பாலத்தையும் கோபுரத்தையும் கணக்கோடு மட்டும் பார்க்காமல், ஊருக்கும் மனிதருக்கும் அவை என்ன செய்கின்றன என்றும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் என்று பெயர் வாங்கிய பேராசிரியர். அதனால் ஹார்ட்லியும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு அதன் அறிவியல் பக்கம், சமூகப் பக்கம், அது ஊருக்குச் சின்னமாக நிற்கும் விதம் எல்லாவற்றையும் சேர்த்து எழுத முடிவு செய்தார். தேர்ந்தெடுத்தது, நியூயார்க்கில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த சிட்டிகார்ப் சென்டர்.

அந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லெக்சிங்டன் அவென்யூவில் 59 மாடி, 915 அடி உயரம். 1977-இல் முடிந்தது. கட்டடக்கலைஞர் ஹியூ ஸ்டப்பின்ஸ். கட்டடம் நிற்பதற்கான கணக்கைப் போட்டவர் வில்லியம் லெமெஷ்யூரியர், அந்நாளில் அமெரிக்காவின் பெரிய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களில் ஒருவர். உச்சியில் கூரையை 45 டிகிரி சாய்வாக வெட்டியிருப்பார்கள். முதலில் அந்தச் சாய்வில் படிப்படியாக மொட்டைமாடி வைத்த வீடுகள் கட்டத்தான் யோசித்தார்களாம். நகர விதிகள் இடம் தரவில்லை. பிறகு சூரிய ஒளித் தகடுகள் என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. சாய்வு மட்டும் தங்கிவிட்டது. அதுதான் இன்றும் அந்த ஊரின் வானில் அதை அடையாளம் காட்டுகிறது.

விசேஷம் அடியில் இருக்கிறது. மனையின் ஒரு மூலையில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற லூத்தரன் தேவாலயம் இருந்தது. நிலத்தையும் அதன் மேலுள்ள வெளியையும் வங்கிக்குக் கொடுக்கத் தேவாலயத்தார் சம்மதித்தார்கள். ஆனால் நிபந்தனை போட்டார்கள்: அதே மூலையில் எங்களுக்குப் புதுத் தேவாலயம் கட்டித் தர வேண்டும், உங்கள் கட்டடத்தின் தூண் எதுவும் அதற்குள் இறங்கக் கூடாது. மூலையில் தூண் வைக்க வழியில்லாமல் போனது. லெமெஷ்யூரியர் என்ன செய்தார் தெரியுமா? நான்கு தூண்களையும் மூலைகளிலிருந்து நகர்த்தி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒன்றாக நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தூணும் 114 அடி, சுமார் 9 மாடி உயரம். அதன் மேல்தான் அலுவலகங்கள் தொடங்குகின்றன. தெருவிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் நான்கு மூலைகளும் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரியும். ஒரு மூலைக்குக் கீழே தேவாலயம்.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நான்கு கால்களையும் மூலைகளிலிருந்து கழற்றி, பக்கங்களின் நடுவில் பொருத்திப் பார்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவில் கை வைத்து அழுத்தினால் மேசை நிற்கும். மூலையில் அழுத்தினால்?

அந்தக் கவலைக்காகத்தான் சுவருக்குள்ளே பெரிய எஃகுச் சாய்வுச் சட்டங்களை வைத்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் எட்டு எட்டு மாடிக்கு ஒரு அடுக்காக, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் அவை சுமையை மூலைகளிலிருந்து நடுத்தூணுக்கு இறக்கித் தருகின்றன. அழகான யோசனை. இதனால் கட்டடத்துக்கு எஃகு குறைவாகவே தேவைப்பட்டது. எடை குறைந்தால் காற்றில் ஆடும். ஆட்டத்தைக் குறைக்க உச்சியில் 400 டன் கான்கிரீட் கட்டி ஒன்றை எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கவிட்டார்கள். கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது கட்டி பின்தங்கி நின்று ஆட்டத்தை அடக்கும். அது வேலை செய்ய மின்சாரம் வேண்டும். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாணவிக்கு வருவோம். ஹார்ட்லி லெமெஷ்யூரியரின் அலுவலகத்தைத் தொடர்புகொண்டார். அங்கிருந்த இளநிலைப் பொறியாளர் ஒருவர் வரைபடங்களையும் கணக்குகள் சிலவற்றையும் கொடுத்து உதவினார். ஒரு மாணவிக்காக இவ்வளவு மெனக்கெட்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ஹார்ட்லி அவற்றை வைத்துக்கொண்டு காற்றின் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தார்.

காற்று இரண்டு விதமாக அடிக்கலாம். ஒரு முகத்துக்கு நேராக அடிப்பது நேர்க்காற்று. மூலையைக் குறிவைத்து, இரண்டு முகங்களிலும் ஒரே நேரத்தில் அடிப்பது மூலைக் காற்று. சாதாரணக் கட்டடத்துக்கு மூலையில் தூண் இருப்பதால் நேர்க்காற்றுக்குக் கணக்குப் பார்த்தால் போதும். நியூயார்க்கின் கட்டட விதியும் அன்றைக்கு அதை மட்டும்தான் கேட்டது. ஹார்ட்லி இரண்டுக்கும் போட்டார். மூலைக் காற்றில் சில சட்டங்களுக்கு வரும் சுமை கூடுதலாக வந்தது. கொடுக்கப்பட்ட தாள்களில் மூலைக் காற்றுக்கான கணக்கைத் தேடினார், இல்லை. அலுவலகத்தைக் கேட்டார்.

கட்டடம் அதையும் தாங்கும், இந்த வடிவம் வழக்கமானதைவிடத் திறமையானது என்ற பொருளில் பதில் வந்தது. அவரும் ஏற்றுக்கொண்டார். ஏற்காமல் என்ன செய்வார்? எதிரே நாடறிந்த பொறியாளரின் அலுவலகம், இவர் பட்டமே வாங்காத மாணவி. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார், பட்டம் பெற்றார், தன் வேலையைப் பார்க்கப் போனார்.

நம் பொதுக்குழுவில் யாராவது எழுந்து ஒரு தூணைப் பற்றியோ தொட்டியைப் பற்றியோ கேட்டால், “அதெல்லாம் ஸ்ட்ராங்காத்தான் சார் இருக்கு” என்று ஒரு குரல் வருமே, அது என் காதில் விழுந்தது இந்த இடத்தில். அந்தப் பதில் பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்டது கணக்கை, கிடைத்தது உறுதிமொழியை. இரண்டும் ஒன்றல்ல.

அந்த உறுதிமொழிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்க்கலாம். லெமெஷ்யூரியர் பிற்பாடு சொன்ன விவரப்படி, 1978 ஜூன் மாதம் ஒரு மாணவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, தூண்களைத் தவறான இடத்தில் வைத்துவிட்டீர்கள் என்று தன் பேராசிரியர் சொல்வதாகக் கேட்டிருக்கிறார். தூண்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்று அவர் பொறுமையாக விளக்கினார். விளக்கியவருக்கு, இதையே தன் வகுப்பில் பாடமாக நடத்தலாமே என்று தோன்றியது. அதற்காக மூலைக் காற்றின் கணக்கைப் போட்டுப் பார்த்தார். எட்டு மாடி அடுக்கு ஒன்றில் உள்ள 8 சட்டங்களில் 4-இல் சுமையே இல்லை. மற்ற 4-இல் 40 சதவீதம் கூடுதல்.

இது எப்படி வருகிறது என்பது எளிதுதான். மூலையில் அடிக்கும் காற்று இரண்டு முகங்களுக்கும் ஏறத்தாழ 70 சதவீதம் வீதம் பிரிகிறது. நடுத்தூண் அமைப்பில் இந்த இரண்டு பங்கும் பாதிச் சட்டங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, மீதிப் பாதியில் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. 70-உம் 70-உம் சேர்ந்தால் 140.

40 சதவீதம் மட்டும் என்றால் பெரிய ஆபத்தில்லை. எந்தக் கட்டடத்திலும் அதற்கு மேலேயே பாதுகாப்பு இடைவெளி வைத்திருப்பார்கள். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பு, மே மாதத்தில், வேறொரு வேலை சம்பந்தமாகப் பேசும்போது ஒரு செய்தி அவருக்குத் தெரியவந்திருந்தது. சிட்டிகார்ப்பின் சட்டங்களை வெல்டிங் செய்து இணைக்க வேண்டும் என்பது அவருடைய வடிவமைப்பு. எஃகு வழங்கிய பெத்லஹேம் ஸ்டீல், வெல்டிங்குக்குப் பதில் போல்ட் போட்டால் செலவு குறையும் என்றது. அவருடைய நியூயார்க் அலுவலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. நேர்க்காற்றுக்கு அந்த போல்ட்டுகள் போதும், விதியை மீறியதும் இல்லை. மூலைக் காற்றை யாரும் நினைக்கவில்லை.

இங்கேதான் கணக்கு விபரீதமாகிறது. நான் ஒரு உதாரண எண் வைத்துச் சொல்கிறேன். கட்டடத்தின் சொந்த எடை ஓர் இணைப்பை 75 பங்கு அழுத்திப் பிடிக்கிறது என்று வையுங்கள். நேர்க்காற்று அதை 100 பங்கு பிரித்து இழுக்கிறது. போல்ட் தாங்க வேண்டியது வித்தியாசத்தை மட்டும், அதாவது 25. காற்று 40 சதவீதம் கூடினால் இழுப்பு 140. எடை கூடவில்லை, அதே 75. இப்போது போல்ட் தாங்க வேண்டியது 65. காற்று கூடியது 40 சதவீதம், போல்ட்டின் பாடு கூடியது 160 சதவீதம். லெமெஷ்யூரியருக்கு வந்த விடையும் 160 சதவீதம்தான்.

ஜூலை இறுதியில் அவர் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஆலன் டேவன்போர்ட், இந்தக் கட்டடத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து முன்பே சோதித்திருந்தார். நிஜக் காற்று சீராக அடிக்காது, கட்டடத்தின் ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம் என்று அங்கே தெரிந்தது. பிறகு மேய்ன் மாநிலத்தில், ஏரித் தீவு ஒன்றில் இருந்த தன் கோடைகால வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து, மாடி மாடியாக, இணைப்பு இணைப்பாகக் கணக்குப் போட்டார். மிகப் பலவீனமான இணைப்பு 30-ஆவது மாடியில். புயலில் மின்சாரம் போய் உச்சியிலுள்ள கட்டி நின்றுவிட்டால், 16 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே அந்த இணைப்பை உடைக்கப் போதும். ஓர் இணைப்பு போனால் கட்டடமே போகும்.

வெளியே சொன்னால் தொழில் போய்விடும், சொல்லாமல் விட்டால் ஒருவேளை யாருக்கும் தெரியாமலே போகும். சில நாட்களில் அவர் தன் வக்கீல்களிடமும், காப்பீட்டாரிடமும், ஸ்டப்பின்ஸிடமும், கடைசியில் வங்கியிடமும் போய்ச் சொன்னார். வங்கித் தலைவர் வால்டர் ரிஸ்டன் ஆள் மேல் பாயாமல், சரிசெய்யும் வேலையைப் பார்க்கச் சொன்னார். இதை இன்று படிக்கும்போதும் மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஆகஸ்டில் வேலை தொடங்கியது. அலுவலகம் முடிந்து ஆட்கள் போன பிறகு தச்சர்கள் சுவர்ப் பலகையைப் பிரிப்பார்கள். இணைப்பைச் சுற்றி ஒட்டுப்பலகையால் அறை மாதிரி மறைப்புக் கட்டுவார்கள். இரவு முழுக்க வெல்டர்கள் 2 அங்குல கனத்தில் எஃகுத் தகடுகளை போல்ட் இணைப்புகளின் மேல் வைத்து ஒட்டுவார்கள். விடிவதற்குள் துப்புரவு முடிந்துவிடும். காலையில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்த குமாஸ்தாவுக்குப் புகை வாசனையைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. இப்படி 200-க்கும் மேற்பட்ட இணைப்புகள். வானிலை நிபுணர்கள் இரவும் பகலும் காற்றைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நகர அதிகாரிகளும் செஞ்சிலுவைச் சங்கமும் சுற்றுவட்டாரத்தை எப்படிக் காலி செய்வது என்று திட்டம் தயாராக வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் எல்லா என்ற சூறாவளி அமெரிக்கக் கிழக்குக் கரையை நெருங்கியது. வேலை அப்போது பாதிதான் முடிந்திருந்தது. அது திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. அக்டோபரில் பணி முடிந்தது. இன்று அந்த ஊரின் மிக உறுதியான கட்டடங்களில் அதுவும் ஒன்று என்கிறார்கள்.

சுற்றுவட்டாரத்தைக் காலி செய்யத் திட்டம் போட்டார்கள் என்றேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்களிடம் யாராவது சொன்னார்களா? இல்லை. ஒரு வார்த்தை கூட இல்லை. வங்கி ஒரு சிறு அறிக்கை விட்டது, சில இணைப்புகளை வலுப்படுத்துகிறோம், ஆபத்து ஏதும் இல்லை என்ற தோரணையில். அதைத் துருவிக் கேட்டிருக்க வேண்டிய நியூயார்க் பத்திரிகைகள் ஆகஸ்ட் 10 முதல் வேலைநிறுத்தத்தில் மூடிக்கிடந்தன. நவம்பரில் அவை திரும்ப வந்தபோது வெல்டர்கள் போய்விட்டிருந்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க அந்தத் தெருக்களில் மக்கள் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, மேலே 59 மாடிக்கு மேல் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தூங்கினார்கள்.

பீதி கிளப்பக் கூடாது என்பதற்காக என்று அதற்குச் சமாதானம் சொல்வார்கள். நள்ளிரவில் ஒரு வட்டாரமே ஓடத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சமாதானத்தை முழுவதும் தள்ளவும் முடியவில்லை. ஆனால் அக்டோபரில் வேலை முடிந்த பிறகு? அப்போது பீதிக்கு என்ன காரணம்? அதன் பிறகும் 17 வருடம் மூடித்தான் வைத்தார்கள். 1995 மே மாதம் ‘தி நியூ யார்க்கர்’ பத்திரிகையில் ஜோ மார்கன்ஸ்டெர்ன் எழுதிய கட்டுரை வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை மற்ற பொறியாளர்கள் கூட இதிலிருந்து எதுவும் கற்றுக்கொள்ள வழியில்லை. லெமெஷ்யூரியரைத் தொழில் தர்மத்தின் உதாரணமாகப் பொறியியல் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். தன் தவறைத் தானே போய்ச் சொன்னதற்கு அந்தப் புகழ் தகும். மௌனத்துக்கு அதே புகழைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதே விமரிசனத்தைப் பின்னால் கட்டடக்கலைப் பேராசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள்.

ஹார்ட்லிக்கே விஷயம் தெரியாது. பல வருடம் கழித்து, பிபிசியின் ஆவணப் படம் ஒன்று தொலைக்காட்சியில் ஓடியபோது தற்செயலாகப் பார்த்தார். நாம் எழுதிய கட்டடம் ஆயிற்றே என்று பார்க்க உட்கார்ந்தவருக்கு, நாம் கேட்ட கேள்வியாயிற்றே என்று புரிந்தது.

ஆனால் அவர்தான் அந்த மாணவரா? லெமெஷ்யூரியர் சொன்னது ஓர் ஆண் மாணவர், நியூ ஜெர்சிக் கல்லூரியைச் சேர்ந்தவர், தன்னிடமே பேசினார் என்று. பிரின்ஸ்டனும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறது. ஆனால் ஹார்ட்லி பேசியது இளநிலைப் பொறியாளரிடம், லெமெஷ்யூரியரிடம் இல்லை. பிற்பாடு நியூ ஜெர்சியின் வேறொரு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர் ஒருவர், அழைத்தது நான்தான் என்று முன்வந்தார். லெமெஷ்யூரியர் 2007-இல் காலமானார். யாருடைய கேள்வி அவரைக் கணக்குப் போட வைத்தது என்பது தீரவில்லை. இரண்டு மாணவர்கள் தனித்தனியே ஒரே சந்தேகத்தோடு வந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான் அது. ஏன் மூலையில் தூண் இல்லை?

பெரிய அலுவலகங்களில் அனுபவம் மிக்க எத்தனையோ பேர் அந்த வரைபடங்களைப் பார்த்திருப்பார்கள். விதிப்படி நேர்க்காற்றுக்குப் பார்த்தாயிற்று, அடுத்த வேலை. மாணவிக்கு அந்த அவசரம் இல்லை. அவருக்கு அது ஒரு மதிப்பெண். எந்தத் திசையையும் விடாமல் போட்டுப் பார்த்தால்தான் பேராசிரியர் திருப்தியாவார். புராஜெக்ட் என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் அந்த வேலையில் இந்த ஒரு நேரம் கிடைக்கிறது. பிறகு வேலைக்குப் போனால் கிடைப்பதில்லை.

கதை இன்னும் முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வு நிறுவனம் இந்தக் கட்டடத்தின் காற்றுக் கணக்கை இன்றைய முறைகளில் மறுபடி போட்டது. மூலைக் காற்று 1978-இல் பயந்த அளவுக்கு ஆபத்தில்லை, இந்தச் சட்டங்களுக்கு நேர்க்காற்றுதான் பெரிய சுமை என்று அவர்களுக்கு விடை வந்திருக்கிறது. அந்த 200 தகடுகளும் உண்மையில் தேவைப்பட்டனவா என்பதைக் கட்டடத்தின் மூல வடிவமைப்பை எடுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் 1978-இல் மாணவிக்குச் சொன்ன பதில் சரியாகவே இருந்திருக்கலாம்! ஆனால் அன்றைக்கு அந்தப் பதிலைச் சொன்னவரிடம் அதற்கான கணக்கு இல்லை. அது போடப்பட்டது 40 வருடம் கழித்து.

கட்டடத்துக்கு இப்போது பெயர் 601 லெக்சிங்டன் அவென்யூ. 2016-இல் நகரம் அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்தது. நியூயார்க்கில் பிள்ளைகள் இருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது 54-ஆவது தெரு முனையில் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே 9 மாடி உயரத்தில் கட்டடத்தின் மூலை நிற்கும், அதன் கீழே தேவாலயம் இருக்கும். அந்தத் தகடுகளைப் பார்க்க முடியாது. எல்லாம் சுவருக்குள்ளே.